ஒளி சேர்க்கும் வேலை: இரவு வானத்தைப் படமெடுக்கத் தொடங்குகிறவர்களுக்கு

ஆன்ட்ரோமீடா கேலக்ஸி வானத்தில் முழுநிலவைப்போல் ஆறு மடங்கு நீளம். சொன்னால் பலரும் நம்புவதில்லை. ஆனால் கணக்கு எளிது. நிலவு வானத்தில் அரை டிகிரி அகலத்தை அடைக்கிறது. 25 லட்சம் ஒளியாண்டுத் தொலைவில் இருக்கும் விண்மீன் கூட்டமான ஆன்ட்ரோமீடா மூன்று டிகிரிக்குச் சற்று மேலாகவே படர்ந்து கிடக்கிறது. ஓரியன் நெபுலா என்ற வாயு மேகத்தின் அகலம் இரண்டு நிலவு. இவ்வளவு பெரிய பொருள்கள் தலைக்கு மேலேயே இருந்தும் ஒரு மங்கல் திட்டாகவோ, ஒன்றுமே இல்லாததாகவோ தெரிவதற்குக் காரணம், அவற்றிலிருந்து வரும் ஒளி அத்தனை குறைவு என்பதுதான்.

வானப் புகைப்படக்கலைக்குப் புதிதாக வருகிறவர்கள் முதலில் கேட்பது அநேகமாக, "இந்த டெலஸ்கோப் எத்தனை மடங்கு பெரிதாக்கும்?" என்பதாக இருக்கும். நெபுலா, கேலக்ஸி போன்றவற்றைப் பொறுத்தவரை அந்தக் கேள்வியால் பெரிய பயன் இல்லை. 200 மி.மீ. லென்ஸ் மாட்டிய சாதாரண டிஎஸ்எல்ஆர் கேமராவிலேயே ஆன்ட்ரோமீடா படத்தின் பாதி அகலத்தைப் பிடித்துக்கொள்ளும். கேட்க வேண்டியவை வேறு: எவ்வளவு ஒளியைச் சேர்க்க முடியும்? அதைக் கெடுக்க வருகிறவற்றை எப்படிக் கழிப்பது? இந்தப் பொழுதுபோக்கில் புழங்கும் கருவிகளும் மென்பொருள்களும் பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றுக்காகத்தான் இருக்கின்றன.

கண்ணால் முடியாதது

நம் கண் ஒளியைச் சேமித்து வைப்பதில்லை. நல்ல இருட்டில்கூட நொடியில் பத்தில் ஒன்றிரண்டு பங்கு நேரத்துக்குள் வந்த ஒளியை வைத்து ஒரு காட்சியை உருவாக்கிவிட்டு, அடுத்ததற்குப் போய்விடும். இருட்டுக்குப் பழக அரைமணி நேரம் ஆகும். அதற்கப்புறம் விடியும்வரை முறைத்துப் பார்த்தாலும் நெபுலா கூடுதலாகப் பிரகாசிக்காது. மேலும் கண்ணின் பாவை எவ்வளவு விரிந்தாலும் 7 மி.மீ. அளவுதான். 50 மி.மீ. விட்டமுள்ள ஒரு சின்ன லென்ஸின் பரப்பு அதைப்போல் சுமார் 50 மடங்கு. அந்த லென்ஸுக்குப் பின்னால் இருக்கும் சென்சார், ஷட்டர் திறந்திருக்கும் வரை விழும் ஒளியையெல்லாம் கூட்டிக்கொண்டே போகும். மூன்று நிமிடம் திறந்து வைத்தால் மூன்று நிமிட ஒளி.

இதன் மதிப்பு முதன்முதலில் தெரியவந்தது 19ஆம் நூற்றாண்டில். 1880 செப்டம்பர் 30 அன்று ஹென்றி டிரேப்பர் என்ற அமெரிக்க மருத்துவர், ஓரியன் நெபுலாவை ஏறக்குறைய 50 நிமிட எக்ஸ்போஷரில், அதாவது அவ்வளவு நேரம் ஒளியை விழவிட்டு, படமெடுத்தார். ஒரு நெபுலா புகைப்படத்தில் பதிந்தது அதுவே முதல்முறை. மூன்றாண்டு கழித்து, ஆண்ட்ரூ காமன் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் தன் வீட்டுத் தோட்டத்தில் நிறுத்தியிருந்த 36 அங்குலத் தொலைநோக்கியால் அதே நெபுலாவை எடுத்தார். அதில் கண்ணால் பார்த்துக் கண்டறியப்படாத விண்மீன்கள் பதிந்திருந்தன. 1888இல் ஐசக் ராபர்ட்ஸ் எடுத்த ஆன்ட்ரோமீடா படத்தில் அதன் சுருள் அமைப்பு தெளிவாக வந்தது. இந்த மூவருக்கும் வானியல் சம்பளத் தொழில் அல்ல. ஆகவே, அமெச்சூர்கள் வானத்தைப் படமெடுப்பது இப்போது வந்த மோகம் என்று யாராவது சொன்னால், இந்தத் துறையைத் தொடங்கி வைத்ததே அவர்கள்தான் என்று சொல்லலாம்.

பூமி சும்மா நிற்பதில்லை

சரி, ஷட்டரை நீண்ட நேரம் திறந்து வைத்தால் போதுமே? போதாது. பூமி தன்னைத்தானே ஒருமுறை சுற்றி முடிக்க 23 மணி 56 நிமிடம் 4 நொடி ஆகிறது. அதனால் வானம் மணிக்கு 15 டிகிரி வேகத்தில் நகர்வதாகத் தெரிகிறது. நிலவு தன் அகலத்தைக் கடக்க இரண்டு நிமிடம்தான். கேமரா அசையாமல் டிரைபாடில் நின்றால் விண்மீன்கள் புள்ளியாக விழாமல் கோடாக இழுபடும். பெரிய குவியத்தூரம் (லென்ஸின் பெயரோடு சொல்லும் மி.மீ. எண்) கொண்ட லென்ஸில் அந்தக் கோடு இன்னும் நீளும்.

இதற்கு '500 விதி' என்று ஒன்று வழக்கத்தில் இருக்கிறது. 500ஐ லென்ஸின் குவியத்தூரத்தால் வகுத்தால் எத்தனை நொடி வரை தாங்கும் என்பது கிடைக்கும். 24 மி.மீ. லென்ஸுக்குச் சுமார் 20 நொடி. சிறிய சென்சார் கொண்ட கேமராவானால் அதையும் ஒன்றரையால் வகுக்க வேண்டும். என்னைக் கேட்டால் இந்த விதி ரொம்பவே தாராளமானது. பிலிம் காலத்துக்கு, சின்ன அளவில் அச்சிட்டுப் பார்ப்பதற்குச் சரி. இன்றைய சென்சார்களின் பிக்சல்கள் மிகச் சிறியவை. 24 மி.மீ. லென்ஸில் 20 நொடி விட்டால், வான நடுக்கோட்டை ஒட்டிய விண்மீன் ஒன்பது பிக்சல் வரை நகர்ந்திருக்கும். திரையில் பெரிதாக்கிப் பார்த்தால் முட்டை மாதிரி தெரியும். 500க்குப் பதிலாக 250 அல்லது 300 என்று வைத்துக்கொண்டால் பிறகு வருத்தப்பட வேண்டியிருக்காது.

பால்வழியை அகன்ற லென்ஸில் எடுக்க இவ்வளவு போதும். 200 மி.மீ. லென்ஸுக்குப் போனால் ஒரு நொடியிலேயே விண்மீன் மூன்று நான்கு பிக்சல் நகர்ந்துவிடும். அங்கே டிரைபாட் மட்டும் உதவாது, பூமியின் சுழற்சிக்கு எதிர்த்திசையில் அதே வேகத்தில் கேமராவைச் சுழற்றும் கருவி வேண்டும். சின்னதாக, கேமராவையும் லென்ஸையும் மட்டும் சுமப்பது ஸ்டார் டிராக்கர். டெலஸ்கோப்பையே தாங்கக்கூடியது ஈக்குவட்டோரியல் மவுண்ட். இரண்டிலும் அடிப்படை ஒன்றுதான்: கருவியின் சுழலச்சு பூமியின் அச்சுக்கு இணையாக இருக்க வேண்டும். அதாவது அச்சு வானத்தின் துருவத்தை நோக்க வேண்டும். வட அரைக்கோளத்தில் துருவ நட்சத்திரம் வழிகாட்டும். ஆனால் அதுவே சரியான துருவம் அல்ல, முக்கால் டிகிரிக்குச் சற்றுக் குறைவாக விலகி நிற்கிறது. அந்த விலகலையும் சேர்த்துச் சரிசெய்யத்தான் டிராக்கரில் ஒரு குட்டி டெலஸ்கோப்பும் அதற்குள் கோடுகளும் வைத்திருக்கிறார்கள்.

துருவம் அடிவானத்திலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கும் என்பது நீங்கள் நிற்கும் இடத்தின் அட்சரேகையைப் பொறுத்தது. 10 டிகிரி அட்சரேகையில் நின்றால் துருவ நட்சத்திரமும் 10 டிகிரி உயரத்தில்தான் இருக்கும். மரமோ கட்டடமோ புகைமூட்டமோ மறைத்துவிடலாம். அப்போது பிளேட் சால்விங் என்ற வசதி கைகொடுக்கும். கேமரா ஒரு படம் எடுக்கும், மென்பொருள் அதிலுள்ள விண்மீன்களின் அமைப்பைப் பட்டியலோடு ஒப்பிட்டு, கேமரா எங்கே பார்க்கிறது, அச்சு எவ்வளவு விலகியிருக்கிறது என்று சொல்லிவிடும். துருவத்தைப் பார்க்காமலேயே துருவத்துக்குச் சரிசெய்யலாம்.

பணம் செலவழிக்கும் இடம் எது என்ற கேள்வியில் அனுபவசாலிகள் பெரும்பாலும் ஒத்துப்போவார்கள்: முதலில் மவுண்ட், அப்புறம்தான் டெலஸ்கோப். ஆடாத மவுண்டில் வைத்த சுமாரான லென்ஸ் நல்ல படம் தரும். ஆடுகிற மவுண்டில் எவ்வளவு உயர்ந்த டெலஸ்கோப்பை வைத்தாலும் படம் கோடு கோடாகத்தான் வரும்.

ஒரே படம் ஏன் போதாது

இனி வருவதுதான் இந்தக் கலையின் நடுப்பகுதி. இது பிடிபட்டால் மற்றவை தானாகப் பிடிபடும்.

மங்கலான பொருளிலிருந்து ஒளி சீராக வழிந்து வருவதில்லை. ஃபோட்டான் என்ற தனித்தனித் துணுக்குகளாக, ஒழுங்கில்லாத இடைவெளியில் வருகிறது. தூறல் போடும்போது முற்றத்தில் ஒரே அளவுள்ள கிண்ணங்களைப் பரப்பி வைத்தால், எல்லாவற்றிலும் ஒரே எண்ணிக்கையில் துளி விழாது அல்லவா? அதே கதைதான் பிக்சல்களுக்கும். சராசரியாக 100 ஃபோட்டான் விழ வேண்டிய இடத்தில் ஒரு பிக்சலில் 92 விழும், பக்கத்துப் பிக்சலில் 109 விழும். இந்த ஏற்ற இறக்கம் எண்ணிக்கையின் வர்க்கமூலம் அளவுக்கு இருக்கும்: 100க்கு 10. அதாவது 10 சதவீதத் தடுமாற்றம். படத்தில் மணல் தூவினாற்போலத் தெரியும் நாய்ஸின் பெரும்பகுதி இதுதான். மலிவான கேமராவின் குறை என்று பலர் நினைக்கிறார்கள். ஒளியின் இயல்பே அப்படி. எத்தனை லட்சம் கொடுத்து வாங்கினாலும் இதிலிருந்து தப்ப முடியாது.

தப்ப ஒரே வழி, எண்ணிக்கையைக் கூட்டுவது. அதே பிக்சலில் 10,000 ஃபோட்டான் சேர்ந்தால் ஏற்ற இறக்கம் 100 ஆகும். அளவில் கூடினாலும் விகிதத்தில் அது 1 சதவீதம்தான். நூறு மடங்கு ஒளி சேர்த்ததில் படம் பத்து மடங்கு சுத்தமாகியிருக்கிறது.

அப்படியானால் ஒரே மூச்சில் ஒரு மணி நேரம் ஷட்டரைத் திறந்து வைக்கலாமே? வைக்கலாம்தான். ஆனால் 40ஆவது நிமிடத்தில் ஒரு விமானம் குறுக்கே போகும், அல்லது காற்று மவுண்டை உலுக்கும். முழுப் படமும் போய்விடும். பிரகாசமான விண்மீன்கள் எப்போதோ பிக்சல்களை நிரப்பி, நிறமிழந்து வெள்ளைத் திட்டாகியிருக்கும். நகரத்துக்கு அருகில் என்றால் வானமே படத்தை வெளுக்க வைத்துவிடும். அதனால் ஒரு மணி நேரத்தை ஒரு நிமிடம் வீதம் 60 படங்களாகப் பிரித்து எடுத்து, பிறகு மென்பொருளில் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்க்கிறார்கள். இதற்குப் பெயர் ஸ்டாக்கிங். மென்பொருள் ஒவ்வொரு படத்திலும் உள்ள விண்மீன்களைப் பொருத்தி வரிசைப்படுத்தி, பிக்சலுக்குப் பிக்சல் சராசரி எடுக்கும். 60 படங்களில் ஒன்றில் மட்டும் செயற்கைக்கோள் கோடு விழுந்திருந்தால், அந்த இடத்தில் ஒரு மதிப்பு மட்டும் மற்ற 59இலிருந்து துருத்திக்கொண்டு நிற்கும். மென்பொருள் அதைத் தூக்கி எறிந்துவிட்டு மீதியைச் சராசரி எடுக்கும். கோடு மறைந்துவிடும். வானத்தில் செயற்கைக்கோள்கள் பெருகிவிட்ட இந்தக் காலத்தில் இது சின்ன உதவி அல்ல.

ஒவ்வொரு படமும் எவ்வளவு நீளமாக இருக்க வேண்டும்? படத்தைப் படித்தெடுக்கும்போது ஒவ்வொரு முறையும் கேமராவின் மின்சுற்று தன் பங்குக்குக் கொஞ்சம் நாய்ஸ் சேர்க்கிறது. வானப் பின்னணியின் ஒளி அதை மூழ்கடிக்கும் அளவுக்கு நீளம் இருந்தால் போதும். வெளிச்சமான நகரத்தில் 30 நொடியிலேயே அது நடந்துவிடும். இருண்ட இடத்தில் இரண்டு மூன்று நிமிடம் தேவைப்படும். அதற்குமேல் நீட்டுவதால் கிடைப்பது குறைவு. மொத்த நேரம் எவ்வளவு என்பதுதான் கணக்கு.

இதில் ஒரு கசப்பும் இருக்கிறது. படத்தின் தரம் நேரத்தின் வர்க்கமூலமாகத்தான் ஏறும். ஒரு மணி நேரப் படத்தைவிட இரண்டு மடங்கு சுத்தமான படம் வேண்டுமானால் நான்கு மணி நேரம். அதைவிட இரண்டு மடங்கு என்றால் 16 மணி நேரம். முதல் ஒரு மணி நேரத்தில் படம் கண்முன்னே பூப்பது போல வளரும். அதற்குப் பிறகு ஒவ்வொரு படியும் பெருமுயற்சிதான். ஆனாலும் ஏறுகிறவர்கள் ஏறிக்கொண்டேதான் இருக்கிறார்கள்.

ஹபிள் தொலைநோக்கி இதே வழியில்தான் 1995 டிசம்பரில் சப்தரிஷி மண்டலத்தில் வெறுமையாகத் தோன்றிய ஒரு சின்னஞ்சிறு இடத்தைப் பத்து நாள் தொடர்ந்து நோக்கி, 342 படங்களைச் சேர்த்தது. அந்த வெறுமைக்குள் சுமார் 3,000 கேலக்ஸிகள் இருந்தன. அமெச்சூர்கள் பக்கத்திலிருந்தும் ஓர் உதாரணம் உண்டு. உலகில் அதிகம் படமெடுக்கப்பட்ட கேலக்ஸிகளில் ஆன்ட்ரோமீடாவும் ஒன்று. அங்கே புதிதாக என்ன இருக்கப்போகிறது என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஆனால் மார்செல் டிரெக்ஸ்லர், சேவியர் ஸ்ட்ராட்னர், யான் சைன்ட்டி என்ற மூன்று அமெச்சூர்கள், 106 மி.மீ. விட்டமுள்ள டெலஸ்கோப்பால் எடுத்த படங்களில், அதன் அருகே நிலவைப்போல் மூன்று மடங்கு நீளமான ஒரு நீலநிற வாயு வளைவைக் கண்டுபிடித்தார்கள். 2023இல் அது ஆய்விதழில் வெளியானது. ஆக்சிஜன் வெளியிடும் ஒளியை மட்டும் விடும் ஃபில்டரைப் போட்டு, அத்தனை மணி நேரம் அந்த இடத்தில் அதுவரை யாரும் ஒளி சேர்த்திருக்கவில்லை. அவர்கள் வெளியிட்ட ஆன்ட்ரோமீடா படத்தின் மொத்த எக்ஸ்போஷர் 100 மணி நேரத்துக்கும் மேல்.

இருட்டின் விலை

நெபுலாவிலிருந்து வரும் ஒளியோடு வானத்தின் ஒளியும் அதே பிக்சலில் விழுகிறது. தெருவிளக்குகளின் வெளிச்சம் காற்றிலுள்ள தூசியிலும் ஈரத்திலும் பட்டுத் திரும்பி வருவதுதான் அது. இதை மென்பொருளில் கழித்துவிடலாமே என்று தோன்றும். சராசரியைக் கழித்துவிடலாம். அது கொண்டுவந்த ஏற்ற இறக்கத்தைக் கழிக்க முடியாது. இந்த இடத்தில்தான் பலரும் தடுமாறுகிறார்கள், அதனால் எண்களோடு பார்ப்போம்.

ஒரு நெபுலா பிக்சலுக்கு நொடிக்கு 1 ஃபோட்டான் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். மிக இருண்ட இடத்தில் வானப் பின்னணி அதே பிக்சலுக்கு நொடிக்கு அரை ஃபோட்டான் தரட்டும். பெருநகர வானம் அதைப்போல் 40 மடங்குவரை வெளிச்சமாக இருக்கும் என்பதால், அங்கே 20. ஒரு மணி நேரத்தில், அதாவது 3,600 நொடியில், இரு இடங்களிலும் நெபுலா தருவது 3,600தான். இருண்ட இடத்தில் வானத்தையும் சேர்த்து மொத்தம் 5,400. அதன் வர்க்கமூலம் சுமார் 73. ஆகவே நெபுலா நாய்ஸைவிட 49 மடங்கு ஓங்கி நிற்கிறது. நகரத்தில் மொத்தம் 75,600, வர்க்கமூலம் 275. நெபுலா 13 மடங்குதான் ஓங்குகிறது. நகரத்திலிருந்து அதே தரம் வேண்டுமானால் சுமார் 14 மணி நேரம் எடுக்க வேண்டும்.

இருண்ட வானத்தின் கீழ் ஒரு மணி நேரம், நகரத்தில் 14 மணி நேரம். எந்தப் புதுக் கேமராவும் எந்தப் புது மென்பொருளும் இந்த அளவு பாய்ச்சலைத் தராது. கருவிக்குச் செலவழிக்கும் பணத்தில் கொஞ்சத்தை எரிபொருளுக்கு ஒதுக்கி ஊரைவிட்டு வெளியே போவது பல நேரங்களில் அதிக லாபம். வானத்தின் இருளை அளக்க ஜான் போர்ட்டில் 2001இல் வகுத்த ஒன்பது நிலை அளவுகோலை இன்றும் பயன்படுத்துகிறார்கள்: 1 என்றால் கன்னங்கரிய வானம், 9 என்றால் பெருநகர மையம். இணையத்தில் கிடைக்கும் ஒளி மாசு வரைபடங்களில் உங்கள் இடம் எந்த நிலை என்று பார்த்துக்கொள்ளலாம்.

நிலவும் ஓர் ஒளி மாசுதான் என்பதை மறக்க வேண்டாம். முழுநிலவு இரவில் நல்ல இருண்ட இடமும் வெளுத்துப் போகும். அமாவாசையை ஒட்டிய வாரம்தான் கேலக்ஸிகளுக்கு ஏற்ற காலம்.

ஊரைவிட்டுப் போக வழியே இல்லாதவர்களுக்கு ஃபில்டர்கள் ஓரளவு உதவும். ஒளிரும் நெபுலாக்கள் எல்லா நிறத்திலும் ஒளி விடுவதில்லை. ஹைட்ரஜன் 656 நானோமீட்டரிலும் ஆக்சிஜன் 501 நானோமீட்டரிலும் எனக் குறிப்பிட்ட சில அலைநீளங்களில்தான் அவற்றின் ஒளி குவிந்திருக்கிறது. அவற்றை மட்டும் விட்டு மற்றதைத் தடுத்தால் நகர வெளிச்சத்தின் பெரும்பகுதி வெளியே நின்றுவிடும். கேலக்ஸிகளுக்கு இந்த வித்தை பலிக்காது. அவை கோடிக்கணக்கான விண்மீன்களின் ஒளி, எல்லா நிறமும் கலந்தது. தெருவிளக்கை வெட்டினால் கேலக்ஸியும் சேர்ந்து வெட்டுப்படும்.

சாதாரணக் கேமராவில் இன்னொரு சங்கடம்: பகல் படங்களில் நிறம் சரியாக வருவதற்காகச் சென்சாருக்கு முன்னால் ஒரு தடுப்புக் கண்ணாடி வைத்திருப்பார்கள். அது அந்த 656 நானோமீட்டர் சிவப்பின் பெரும்பகுதியையும் தடுத்துவிடும். சிவந்த நெபுலாக்கள் உங்கள் கேமராவில் சோகையாக வந்தால் காரணம் இதுதான். ஓரியன் நெபுலா பிரகாசமானது என்பதால் தாக்குப்பிடிக்கும்.

எடுத்த பிறகு

இரவின் முடிவில் வேறு சில படங்களையும் எடுத்துக்கொள்ள வேண்டும். மூடியைப் போட்டுக்கொண்டு அதே எக்ஸ்போஷரில், அதே ஐஎஸ்ஓவில் (வந்த ஒளியை எவ்வளவு பெருக்கிக் காட்டுவது என்ற அமைப்பு), அதே குளிரில் எடுப்பவை டார்க். சென்சார் தன் வெப்பத்தால் தானாக உண்டாக்கும் புள்ளிகளை இவை காட்டிக்கொடுக்கும். லென்ஸ்மேல் வெள்ளைத் துணி போர்த்தி, அந்திவானத்தை நோக்கிச் சீரான வெளிச்சத்தில் எடுப்பவை ஃபிளாட். லென்ஸ் ஓரங்களின் இருட்டையும் சென்சார் மேலுள்ள தூசி வளையங்களையும் இவை பதிவு செய்யும். ஃபிளாட் எடுக்கும்வரை ஃபோகஸைத் தொடக் கூடாது, கேமராவைக் கழற்றவும் கூடாது. ஷட்டரின் மிகக் குறைந்த நேரத்தில் மூடியோடு எடுப்பவை பயாஸ். ஒவ்வொன்றிலும் 20, 30 எடுத்தால் ஸ்டாக்கிங் மென்பொருள் மீதியைப் பார்த்துக்கொள்ளும். சோம்பலாக இருந்தால் டார்க்கைக்கூட விடலாம், ஃபிளாட்டை விடாதீர்கள்.

படங்களை ஜேபெக் ஆக அல்லாமல், சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ரா கோப்பாக எடுப்பது கட்டாயம். டீப்ஸ்கைஸ்டேக்கர், சிரில் இரண்டுமே இலவச மென்பொருள்கள், தொடங்குவதற்குத் தாராளமாகப் போதும்.

ஸ்டாக் செய்து முடித்த படத்தைத் திறந்து பார்த்தால் முதல்முறை நெஞ்சு பக்கென்று இருக்கும். ஒரே கறுப்பு, அங்கங்கே சில விண்மீன்கள். ஒளி எங்கும் போய்விடவில்லை. நீங்கள் சேர்த்ததெல்லாம் கறுப்புக்கு மிக அருகில், மதிப்புகளின் அடித்தட்டில் நெருக்கியடித்துக்கொண்டு கிடக்கிறது. அந்த நெருக்கத்தைப் பிரித்து விரிப்பதற்கு ஸ்ட்ரெச் என்று பெயர். மங்கலான மதிப்புகளை நிறையத் தூக்கி, பிரகாசமானவற்றைக் கொஞ்சமாகத் தூக்கினால் நெபுலா மேலே எழுந்து வரும். கூடவே நாய்ஸும் எழும். எவ்வளவு தூரம் விரிக்கலாம் என்பதை நீங்கள் சேர்த்த மணி நேரங்கள்தான் முடிவு செய்கின்றன. தொடங்குகிறவர்கள் பின்னணியை அட்டைக் கறுப்பாக அடித்துவிடுகிறார்கள். நாய்ஸை மறைக்க அது சுலபமான வழிதான், ஆனால் கேலக்ஸியின் மெல்லிய விளிம்பும் அதோடு போய்விடும். வானப் பின்னணி சற்றே சாம்பல் கலந்த கறுப்பாக இருப்பதுதான் அழகு.

'இந்த நிறமெல்லாம் உண்மையா?' என்ற கேள்வி வராமல் இருக்காது. மங்கலான ஒளியில் நம் கண்ணின் நிற உணர்வு வேலை செய்வதில்லை. அதனால் டெலஸ்கோப்பில் நேரே பார்த்தால் ஓரியன் நெபுலா சாம்பல் நிறமாக, மிஞ்சினால் லேசான பச்சையாகத் தெரியும். கேமராவில் அது இளஞ்சிவப்பு. ஹைட்ரஜன் அந்தச் சிவப்பில் ஒளிர்வது உண்மை, நம் கண்ணுக்கு அந்தத் திறன் இல்லை என்பதும் உண்மை. படத்தில் கூட்டப்படுவது நிறத்தின் அடர்த்தி. ஒரு சில படங்கள் மட்டும் வேறு வகை. ஹபிள் 1995இல் எடுத்த, ஒரு நெபுலாவின் தூண் போன்ற வாயுப் பகுதிகளைக் காட்டும் 'படைப்பின் தூண்கள்' என்ற புகழ்பெற்ற படத்தில் கந்தகத்துக்குச் சிவப்பு, ஹைட்ரஜனுக்குப் பச்சை, ஆக்சிஜனுக்கு நீலம் என்று நிறங்களை ஒதுக்கிக் கொடுத்தார்கள். எந்த வாயு எங்கே இருக்கிறது என்பதை நிறம் சொல்கிறது. அதைச் சொல்லிவிட்டுச் செய்தால் தவறில்லை. எனக்கு நெருடலாக இருப்பது, செயற்கை நுண்ணறிவைக் கொண்டு படத்தைக் கூராக்கும் கருவிகளை அளவில்லாமல் பயன்படுத்துவதுதான். சேர்க்காத ஒளியிலிருந்து வந்த விவரம் நெபுலாவினுடையது அல்ல.

நிலவுக்கும் கோள்களுக்கும் வேறு சட்டம்

மேலே சொன்னவற்றில் பாதி இங்கே தலைகீழாகிவிடும். நிலவு என்பது வெயிலில் கிடக்கும் பாறை. ஒளிக்குப் பஞ்சமே இல்லை. எஃப்/11 (லென்ஸ் திறப்பின் அளவைச் சொல்லும் எஃப்-எண்), ஐஎஸ்ஓ 100 என்றால் நொடியில் நூறில் ஒரு பங்கு போதும். நகரத்தின் நடுவிலிருந்தும் தாராளமாக எடுக்கலாம். முழுநிலவைவிடப் பாதி நிலவில்தான் பள்ளங்களின் நிழல் நீண்டு விழுந்து படம் உயிரோடு இருக்கும்.

வியாழனும் பிரகாசமானதுதான், ஆனால் மிகச் சிறியது. நமக்கு மிக அருகில் வரும்போதுகூட அதன் அகலம் நிலவின் அகலத்தில் 36இல் ஒரு பங்குதான். இங்கே மட்டும் பெரிதாக்கல் நிஜமாகவே வேண்டும். எதிரி வானத்தின் வெளிச்சம் அல்ல, காற்று. காற்று அலைகிறபோது கோளின் உருவம் நீருக்கடியில் இருப்பது போல நெளியும். அதற்காக நீண்ட எக்ஸ்போஷருக்குப் பதிலாக வீடியோ எடுக்கிறார்கள். சில நிமிடங்களில் ஆயிரக்கணக்கான தனிப் படங்கள். அவற்றில் காற்று தற்செயலாக அடங்கியிருந்த கணங்களில் பதிந்த சிறந்த 10 சதவீதத்தை மட்டும் மென்பொருள் பொறுக்கியெடுத்துச் சேர்க்கும். இப்படி அதிர்ஷ்டக் கணம் வாய்ப்பதற்கான நிகழ்தகவை டேவிட் ஃபிரைட் 1978இல் கணக்கிட்டுக் காட்டினார். இந்த முறைக்கு இன்றும் லக்கி இமேஜிங் என்றுதான் பெயர். ஆட்டோஸ்டேக்கர்ட் போன்ற இலவச மென்பொருள்கள் இதைச் செய்கின்றன.

சூரியனைப் பற்றி ஒரே வரி: அதற்கென்றே தயாரித்த ஃபில்டர் லென்ஸின் முன்பக்கம் இல்லாமல் எந்தக் கருவியையும் அதை நோக்கித் திருப்பாதீர்கள்.

எதில் தொடங்குவது

கையில் ஏதாவது ஒரு கேமரா, டிரைபாட், 50 மி.மீ. லென்ஸ் இருந்தால் டிசம்பர் முதல் மார்ச் வரை ஓரியனே சரியான இலக்கு. திருவாதிரை என்று நாம் சொல்லும் செந்நிற விண்மீன் இருக்கும் அதே குழுதான். நடுவில் வரிசையாக நிற்கும் மூன்று விண்மீன்களுக்குச் சற்றுத் தள்ளித் தொங்கும் சிறு மங்கல் திட்டுதான் நெபுலா. லென்ஸின் எஃப்-எண்ணை அதன் குறைந்த மதிப்பிலிருந்து ஒரு படி ஏற்றி வையுங்கள், ஐஎஸ்ஓ 1600, ஐந்து நொடி. ஐஎஸ்ஓவைக் கூட்டினால் ஒளி கூடும் என்று நினைக்க வேண்டாம். அது வந்த ஒளியின் அளவைப் பெருக்கிக் காட்டுமே தவிர ஒரு ஃபோட்டானைக்கூடச் சேர்க்காது. ரிமோட்டிலோ டைமரிலோ தொடர்ந்து 200 படம் எடுங்கள். சில நிமிடத்துக்கு ஒருமுறை நெபுலாவைத் திரும்ப நடுவுக்குக் கொண்டுவர வேண்டியிருக்கும். ஆட்டோஃபோகஸ் இருட்டில் திணறும். அதை அணைத்துவிட்டு, பிரகாசமான விண்மீன் ஒன்றைத் திரையில் பத்து மடங்கு பெரிதாக்கி, அது மிகச் சிறிய புள்ளியாகும்வரை கையால் திருப்புங்கள். விண்மீன் மூன்று கதிர்க்கோடுகளாகப் பிரிந்து தெரியும்படி செய்யும் பாடினோவ் மாஸ்க் என்ற தட்டு லென்ஸுக்கு முன்னால் இருந்தால் இந்த வேலை இன்னும் துல்லியமாகும்: நடுக்கோடு மற்ற இரண்டும் வெட்டும் இடத்தில் வந்து நின்றால் ஃபோகஸ் சரி. இரவு குளிரக் குளிர ஃபோகஸ் நகரும், இடையில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

இதையெல்லாம் தானே செய்துகொள்ளும் ஸ்மார்ட் டெலஸ்கோப்புகள் இப்போது வந்துவிட்டன. திசையைக் கண்டுபிடித்து, ஃபோகஸ் செய்து, பத்துப் பத்து நொடியாக எடுத்து, ஸ்டாக் செய்து செல்போன் திரையில் காட்டிவிடும். இது ஏமாற்று வேலை என்று முகம் சுளிப்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. உள்ளே நடப்பது மேலே படித்த அதே கணக்குதான். பத்து நிமிடத்தில் நாய்ஸ் அடங்கி நெபுலா எழுவதைக் கண்ணெதிரே பார்ப்பது ஸ்டாக்கிங்கைப் புரிந்துகொள்ள நல்ல வழி.

எந்தக் கருவியானாலும் ரா கோப்புகளை அழித்துவிடாதீர்கள். இந்த ஆண்டு இரண்டு மணி நேரம் சேர்த்த ஆன்ட்ரோமீடாவோடு அடுத்த ஆண்டு எடுக்கும் ஆறு மணி நேரத்தைச் சேர்த்து ஸ்டாக் செய்யலாம், லென்ஸும் கேமராவும் அதேயாக இருந்தால் போதும். ஃபிளாட் படங்களை மட்டும் அந்தந்த இரவுக்கு உரிய கோப்புறையில் தனியாக வைத்திருங்கள், ஒன்றோடொன்று கலந்துவிட்டால் தூசி வளையங்கள் இரட்டிப்பாகிவிடும்.